யாரையும் கேட்காத கட்டுரை

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தபோது, என் மனநிலையைப் பற்றி ஓர் ஆய்வு வந்திருப்பதாக மச்சான் கண்டுபிடித்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டு எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

"மாமா, பாத்தியா? உன்னப் பத்திதான் எழுதிக்கீறாங்க."

அடிக்கடி வேலை மாறுகிறவர்களின் மனதுக்கு எதிலும் பற்று வைக்கத் தெரியாது, அது ஒருவகைக் குறைபாடு, உளவியல் ஆய்வு சொல்கிறது என்றது அந்தச் செய்தி. கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க் இருந்தது. அதை அவன் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். நானும் தொடவில்லை.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் இருந்தேன். மெஷினிலிருந்து விழும் மூடிகளைச் சூட்டோடு எடுத்து ஓரத்துப் பிசிறைச் சீவ வேண்டும். விரல்நுனிகள் தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷின் என் கைரேகையை ஏற்க மறுத்தது. அதற்கு முன் கோயம்பேட்டில் மூட்டை தூக்கினேன். திருவேற்காட்டில் கல்யாண மண்டபம் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். பூந்தமல்லியில் லாரி ஷெட்டுக்குக் காவல் இருந்து லாரிக்கடியிலேயே படுத்தேன். மழை பெய்தால் அங்கே மட்டும் நனையாது.

இப்போது வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஓசூர், கோவை என்று போகும் லாரிக்கு ஆள் எடுத்தார்கள். எனக்குப் போக ஆசை. மனைவி சரியென்று சொல்ல வேண்டும். அவள் தலையாட்டப் போகிற வாரத்தில்தான் மச்சானுடைய ஆய்வு வந்து இறங்கியது.

"படிச்சவங்க சொல்றாங்கய்யா," என்றாள். "உனக்கு இன்னாமோ கீது. பேசாம மூடி கம்பெனியிலயே இரு."

எங்கள் மாடியில் தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுடைய மகள் எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதோடு நின்றவன் ஆய்வை எதிர்த்து என்ன பேச முடியும்? ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நான் கீழே வந்து மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று மனைவியும் கூடவே வந்தாள்.

அந்தப் பெண் லிங்கைத் திறந்து, நகர்த்தி நகர்த்திப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, இதுல ஆய்வே பண்ணலயே."

"ஆய்வுன்னுதானே போட்டுக்கீது?"

ஆய்விதழில் வருவதெல்லாம் ஒரே ரகமில்லையாம். ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு, அளந்து, எப்படிச் செய்தோம், என்ன கிடைத்தது என்று எழுதுவது ஒரு ரகம். மற்றவர்கள் அப்படி எழுதியதையெல்லாம் தேடிப் படித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வது இன்னொரு ரகம். ஒரே ஒரு ஆளை மட்டும் கூர்ந்து பார்த்து எழுதுவதும் உண்டு. அதற்குப் பெயர் கேஸ் ஸ்டடி.

மனைவி உஷாரானாள். "இவரு மேல கேஸு எதுவும் இல்லமா. லாரி ஷெட்ல ஒரு தபா போலீஸ் வந்து வெசாரிச்சதோட சரி."

"அந்தக் கேஸ் இல்லக்கா."

"மச்சான் அனுப்புனது இதுல எந்த ரகம்?" என்று கேட்டேன்.

"இது வேற. கோட்பாட்டுக் கட்டுரை. மனசு இப்படி இருக்கலாம்னு ஒருத்தர் யோசிச்சு எழுதியிருக்காரு. 'இருக்கலாம்'னுதான் சொல்லுதாரு. யாரோ அத 'இருக்கு'ன்னு மாத்தி அனுப்பிட்டாங்க."

"யார கேட்டு எழுதுனாராம்?"

"யாரையும் கேக்கல அண்ணே."

நான் மனைவியைப் பார்த்தேன். வழக்கில் ஜெயித்தவன் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பேன். அவள் போனை எட்டிப் பார்த்தாள்.

"யாரையும் கேக்காமலே இவ்ளோ கரெக்டா எழுதிக்கீறாருன்னா, பெரிய ஆளுதான்," என்றாள். "சரி பாக்கணும்னா நம்ம ஊட்லயே ஒரு கேஸ் கீதே."

"ஒருத்தர வச்சு எல்லாரையும் சொல்ல முடியாதுக்கா."

"எல்லாரையும் நான் எதுக்குமா சொல்லப்போறேன்? எனக்கு இந்த ஒரு ஆளுதான்."

அந்தப் பெண் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். லாரி என்னை விட்டுவிட்டுக் கிளம்புவது எனக்குத் தெரிந்தது.

மனைவிதான் மறுபடி கேட்டாள். "செஞ்சு பாத்து எழுதற ரகம் ஒண்ணும் கெடையாதா?"

"இருக்குக்கா. மொதல்ல அளந்துக்கிடுவாங்க. ஒண்ண மாத்திவிட்டு, அப்புறம் மறுபடி அளப்பாங்க. ஆனா மாத்தாம அப்படியே விட்ட ஆளும் வேணும். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"அதுக்கு என் தம்பி கீறான். கல்லு மாதிரி ஒரே ஆபீஸ்ல ஒக்காந்துகினு போன நோண்டிகினுகீறான்."

மாடிப்படியில் இறங்கும்போது முன்னால் போனவள் திரும்பாமலே சொன்னாள்: "போயிட்டு வா. பொங்கல் வரிக்கும்தான். அப்புறம் இன்னான்னு நான்தான் சொல்வேன்."

முதல் சவாரி ஓசூருக்கு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு இரும்பு பீரோவை இரண்டு பேராக ஏற்றிவிட்டு, நான் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். மனைவியிடமிருந்து போன் வந்தது.

"மனசு எப்டிக்கீது? ஒண்ணுலர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லு, அஞ்சுன்னா ரொம்ப சந்தோஷம். மாடி ஊட்டுப் பொண்ணு அப்டித்தான் கேக்கணும்னுச்சு."

"முதுகு ஒடிஞ்சிபோச்சு."

"முதுகு இதுல கெடையாது. மனச சொல்லு."

நான் எழுந்து மாடிச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். தெரியாத ஊர், தெரியாத தெரு, யாரோ யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு," என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என் தம்பி ரெண்டுன்னான்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.