கருவாடு கட்டும் தாள்

ராயபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகம். உள்ளே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கிறார். வாசல்வரை நின்று கேட்கிறார்கள். தெருவோரம் கருவாடு விற்கும் பெண்ணிடம் நெத்திலி கேட்கிறேன். படிப்பகம் கொடுத்த பழைய தாளை என்னிடம் நீட்டுகிறாள்.

"சத்தமா படிச்சிட்டு குடு நைனா, அப்பால கட்றேன். எனுக்கு எழுத்து தெரியாது. அவங்க படிக்கிற நேரம் எனுக்கு யாவார நேரம்."

கடலுக்கடியில் மலைகள் இருக்கின்றன என்கிறது கட்டுரை. நான் முடிப்பதற்குள் பஸ் வந்து போய்விடுகிறது.

"மீன் புடிக்க கடலுக்குப் போய்ட்டு வந்து எங்க வூட்டுக்காரரு இத்தத்தான் சொல்லிகினு இருந்தாரு. நான்தான் புளுகுன்னேன்" என்கிறாள்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். என் நெத்திலியை வாழைச்சருகில் கட்டித் தருகிறாள்.