உறை கிழியாத ஸ்டூல்கள்

மேற்குத் தாம்பரத்துத் துணிக்கடையொன்றில், பட்டுப் பிரிவின் விற்பனையாளனாக நெடுங்காலம் பணியாற்றினேன். பணியாற்றினேன் என்பதைவிட நின்றேன் என்பதே பொருத்தம். முறையாகப் படித்தவனல்லன், சேலைகளைச் சுற்றி வந்த பழைய நாளிதழ்களைக் கொண்டே என் தமிழைச் செப்பனிட்டுக்கொண்டேன். எங்கேனும் ஜரிகை மிகுந்திருந்தால் வாசகர் பொறுத்தருள்க.

கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் முதலாளி தாமதிக்கவில்லை. ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னும் ஒரு ஸ்டூல் வந்திறங்கியது. சிவப்பு மெத்தை, அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை. கூடவே ஒரு கட்டளையும்.

"உறையக் கிழிக்காதீங்க. ஆபீசர் பார்க்க வந்தா புதுசா இருக்கணும். அப்புறம், கஸ்டமர் இருக்கும்போது யாரும் உட்காரக் கூடாது."

எங்கள் கடையில் கஸ்டமர் இல்லாத நேரமென்பது ஷட்டர் இறங்கிய நேரம் மட்டுமே.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். கிடைத்த உரிமையை அன்றே பயன்படுத்தத் தொடங்கினோம். ஒருவர் அதில் சாப்பாட்டுப் பையை வைத்தார். மற்றொருவர் மேல் அலமாரிச் சேலையை எடுக்க அதன்மேல் ஏறினார். உட்காருவதற்கென்று வந்த ஆசனத்தின்மீது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவோடு ஏறி நின்ற கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஜாக்கெட் பிட் பிரிவில் இரும்புலியூரிலிருந்து வரும் ஒரு பெண் நின்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மாலைக்குள் பாதங்கள் வீங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்துவிடும். நிற்க முடியாமல் வேலையை விட்டால், பிள்ளை பிறந்த பின் அந்த இடம் அவளுக்காகக் காத்திராது. இது எல்லாருக்கும் தெரியும். அவளோ அழாமல் என்னிடம் சொன்னாள்:

"உள்ள இருக்கிறது ஜாலியா உக்காந்துகினு கீதுண்ணா. நான்தான் நிக்கிறேன்."

"ஸ்டூலில் உட்காரேன் அம்மா."

"நான் மட்டும் உக்காந்தா மொதலாளி திமிருன்னுவாரு. நீங்க உக்காருங்க, பாக்கலாம்."

எனக்கு அலமாரியில் அவசர வேலையொன்று நினைவுக்கு வந்தது.

குடியரசு தினத்தன்று முதலாளி கடை வாசலில் கொடியேற்றினார். "உழைப்பாளிங்கதான் இந்த நாட்டோட அஸ்திவாரம்!" என்று முழங்கினார். வெயிலில் நின்றபடி கைதட்டினோம்.

அவள் சத்தமாகவே கேட்டாள்: "அஸ்திவாரம் எங்கனா நின்னுகினு இருக்குமா சார்? உக்காந்துதானே வூட்டைத் தாங்குது?"

முதலாளியும் சிரித்தார். லட்டு கொடுத்தார். ஸ்டூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் அவளுடைய கால்களைப் பார்த்தவர்களுக்கு லட்டு இறங்கவில்லை. கோஷமில்லாமல் ஒரு முடிவெடுத்தோம்: மாலையில் முதலாளி எங்கள் பிரிவுகள் இருக்கும் மாடிக்கு வரும்போது எல்லாரும் உட்கார்ந்திருப்பது.

"பெர்சு, நீ மட்டும் எய்ந்தே, எல்லாம் புட்டுக்கும்," என்று பக்கத்து வேட்டிப் பிரிவுக்காரர் என்னை எச்சரித்தார்.

படிக்கட்டில் செருப்போசை கேட்டது. உட்கார்ந்தோம். என் கால்களோ என்னைக் கேளாமலேயே பாதி எழுந்துவிட்டன. முதலாளியிடம் அவற்றுக்கு என்னைவிட விசுவாசம் அதிகம். வேட்டிப் பிரிவுக்காரர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திழுத்தார். நான் விழுந்த வேகத்தில் ஸ்டூலின் உறை கிழிந்தது. 'பர்ர்' என்ற அந்த ஓசை மாடி முழுவதும் கேட்டது.

வாடிக்கையாளர்களுக்கு எப்போதும் நாற்காலி உண்டு. ஆகவே அந்த மாடியில் அப்போது நின்றுகொண்டிருந்தவர் முதலாளி ஒருவரே.

"இன்னாய்யா இது, எல்லாரும்?"

யாரும் எழவில்லை. ஜாக்கெட் பிட் பிரிவில் அவள், உட்கார்ந்தபடியே துணியை விரித்து, துணி வாங்கக் கீழ்க்கட்டளையிலிருந்து வந்து எதிரில் அமர்ந்திருந்த அம்மாளிடம், "இந்த மெரூன் உங்க பார்டருக்கு எடுப்பா இருக்கும்மா," என்றாள்.

"சரி, ஒரு மீட்டர் வெட்டிடும்மா," என்றார் அந்த அம்மாள், நடப்பது எதையும் அறியாதவராய்.

முதலாளி அந்த வியாபாரம் முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"உறையக் கிழிச்சிட்டீங்களே, பெரியவரே."

"ஆமாம், முதலாளி."

"மத்ததையும் கிழிச்சிடுங்க. பிளாஸ்டிக்கு வழுக்கும்," என்று ஜாக்கெட் பிட் பிரிவைப் பார்த்தபடி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

வலிமையான நாடு எப்படியிருக்கும் என்பதைப் பெரியோர் விரிவாக எழுதுவார்கள். எனக்கு அந்த மாடி போதும்.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் அதே கவுன்டருக்குத் திரும்பிய காலையில், படிக்கட்டில் செருப்போசை கேட்டதும் என் கால்கள் மறுபடியும் எழுந்தன.

"உக்காருங்கண்ணா," என்றாள். "மொதலாளி இல்ல, நான்தான்."