முன்வாசலில் நாலு சோடிச் செருப்பு

வேலை முடிந்து வந்தால் யோகா கதவைத் திறப்பதற்கு முன் குனிந்து செருப்புகளைப் பார்ப்பாள். முன்வாசலில் நாலு சோடி இருக்க வேண்டும்: அவளுடையது, மகள் வினுஷாவினது, மகேந்திரராஜாவினது, அவருடைய மகளினது. யாராவது வருவதாகப் போன் வந்தால், தன்னுடையதையும் வினுஷாவினதையும் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடுவாள். நாற்பத்தொரு வயதுக்கு அது நல்ல ஓட்டம். சிட்னியின் டூங்கபியில் அவளுடைய வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவள் நான். வேலிக்கு மேலால் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் அவளுக்கு வேலை. அந்தக் கை சும்மா இராது. என் வீட்டுக்கு வந்தாலும் கதிரையில் கிடக்கும் துவாயை மூன்றாக மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். "மடியாமல் கிடந்தால் எனக்குக் கதை வராது அக்கா" என்பாள்.

அவளுடைய கணவன் இறந்து ஐந்து வருடம். மகேந்திரராஜாவின் மனைவி இறந்து மூன்று வருடம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கும்போது தொடங்கிய பழக்கம், போன வருடம் ஒரே வீட்டில் வந்து நின்றது. குசினியில் இப்போதும் இரண்டு ரைஸ் குக்கர், இரண்டு கறித்தூள் போத்தல். வாடகையை மிச்சம் பிடிக்க இரண்டு குடும்பமும் வீட்டைப் பங்குபோட்டிருப்பதாகத்தான் சனத்துக்குச் சொன்னார்கள்.

அரசாங்கத்துக்கு அந்தக் கதையைச் சொல்ல யோகா மறுத்துவிட்டாள். துணையோடு வாழ்கிறேன் என்று அறிவித்தால், தனித்தாய் என்று கிடைத்த கொடுப்பனவு நின்றுவிடும். பிள்ளைக்கான உதவித்தொகையையும் இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். வாயைத் திறக்காதே என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"ஏலாது அக்கா. ஒரு இடத்திலயாவது நாங்கள் உண்மையா இருக்க வேணும்" என்றாள். அவள் தன் துணை என்று மகேந்திரராஜாவும் தன் போனில் அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்தினார். சொந்தக்காரருக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லுவம் என்றாராம்.

கடிதம் வந்த அன்று என்னிடம் ஓடி வந்தாள். காசு குறைகிறது என்று சொல்லும் கடிதத்தை அத்தனை சந்தோஷமாக வாசித்த ஒருத்தியை நான் கண்டதில்லை. "உங்கள் துணைவர் மகேந்திரராஜா எண்டு போட்டிருக்கினம், பாருங்கோ!" அதை மூன்றாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு வினுஷாவின் நீச்சல் வகுப்புக்கும் அவரிடம்தான் காசு கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு முன் இரண்டு நாள் யோசிப்பாள்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்காக மெல்பன் பக்கம் ரோவிலிலிருந்து அவருடைய தமக்கை வந்தார். இந்த முறை சொல்லிவிடுவதாக மகேந்திரராஜா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் யோகா செருப்பை எடுக்கவில்லை. உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தபோது தமக்கை கேட்டார்: "இவ ஆர் தம்பி?"

மகேந்திரராஜா கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "பின் அறையில வாடகைக்கு இருக்கிறவ அக்கா. பாவம், புருசன் இல்லை."

யோகா தட்டத்தை நீட்டினாள். சீனி போதுமா என்று கேட்டாள். எனக்குத்தான் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

தமக்கையைக் காரில் ஏற்றிவிட்டு அவர் திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். "பயந்துபோனன் யோகா. அடுத்த முறை கட்டாயம் சொல்லுவன்." அவர் குரல் தழுதழுத்தது. கெட்ட மனிதர் இல்லை.

"அரசாங்கத்துக்குச் சொன்னனீங்கள்" என்றாள் யோகா.

பிறகு குனிந்து தன் செருப்பையும் வினுஷாவினதையும் எடுத்தாள். அன்று இனி யாரும் வருவதாக இல்லை. ஓடாமல், மெதுவாக நடந்துபோய், இரண்டு சோடியையும் பின்கதவடியில் வைத்தாள்.