அக்காவின் நாடியும் கற்பூரத் தட்டும்

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படையல் முடிந்து, சாப்பிட்டு எழுந்து, கைகழுவிய ஈரத்தோடு இந்த நினைவு மலரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வீர்கள். செவ்வாப்பேட்டை உறவினர்கள் திரும்பிப் போகும் ரயிலிலேயே இதைப் படித்துவிடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அக்காவின் நல்ல குணங்களைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். அந்தக் குணங்கள் கொண்டவரை நீங்கள் நடத்திய விதத்தைப் பற்றித்தான் எனக்கு எழுத வருகிறது.

அக்கா கடம்பத்தூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. தொண்டை ஆறிய பிறகு முழங்கால் வீங்கியது; அது வடிந்ததும் முழங்கை வீங்கியது. வாயு என்று எண்ணெய் தேய்த்தார்கள். வீக்கம் போனதும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதன் பிறகு தண்ணீர்க் குடம் தூக்கினால் அக்காவுக்கு மூச்சு வாங்கும். சற்று உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்கள். அப்படிச் சொன்ன வாய்களில் சில இன்று பாயசம் குடித்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில் செவ்வாப்பேட்டை மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். சில வருடங்களில் நாத்தனார் கல்யாணம் வந்தது. அன்று இரட்டை வடச் சங்கிலி ஒன்று காணாமல் போயிற்று. அதற்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குலதெய்வத்தின் முன் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவரும் இடது கையைத் தட்டின் மேல் காட்ட வேண்டும். மாமாவின் பெரியப்பா, அதாவது வீட்டுப் பெரியவர், வலது கையில் நாடி பிடிப்பார். நாடி துள்ளினால் எடுத்தவர் அவரே என்று அர்த்தம்.

அக்காவின் நாடி துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது.

“இன்னா குதி குதிக்குது பாரு. நீதான் எடுத்துக்கினு போன, ஒத்துக்கோ” என்றார் பெரியவர்.

“நான் எடுக்கல பெரிய மாமா. எனக்கு எப்பவுமே இப்படித்தான் அடிச்சிக்கும்” என்றார் அக்கா.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சாயங்கால ரயிலில் அக்காவைக் கடம்பத்தூருக்கு ஏற்றிவிட்டார்கள்.

நான்தான் சென்னைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு கையால் நாடியைப் பிடித்தபடி, மார்பில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். கழுத்தில் கட்டி உண்டா, ரத்த சோகை உண்டா என்று பார்த்தார்; அவற்றாலும் நெஞ்சு படபடக்குமாம். கடைசியில் சின்ன வயதுக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். இதயத்தின் மேலறையில் ஓர் இடம் கட்டளை கொடுக்க, மேலறைகள் முதலிலும் கீழறைகள் அடுத்தும் சுருங்குவதுதான் ஒழுங்கான துடிப்பு என்றார். அந்தக் காய்ச்சல் அக்காவின் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. ரத்தம் தேங்கி மேலறை பெருத்துவிட்டது. அங்கே பல இடங்கள் கண்டபடி கட்டளை போட, மேலறை சுருங்காமல் நடுங்குகிறது. கீழறை தாறுமாறாக அடிக்கிறது. எனக்கு எப்போதாவது ஒரு துடிப்பு தப்பியதுபோல் இருக்கும் என்றேன். அது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் கெடுதல் இல்லை என்றார்.

கற்பூரத் தட்டைப் பற்றிச் சொன்னேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“பயந்தா நாடி வேகமாத்தாம்மா அடிக்கும். ஆனா சீரா அடிக்கும். இது திருட்டு இல்ல, வியாதி.”

இதைச் செவ்வாப்பேட்டையில் போய்ச் சொன்னேன். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே பதில் சொன்னார்.

“டாக்டரும் நாடிய புடிச்சித்தான் சொல்றாரு, நானும் நாடிய புடிச்சித்தான் சொல்றேன்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

வால்வை ஆபரேஷன் செய்து விரிக்கலாம் என்றார் டாக்டர். அக்கா மறுத்துவிட்டார். “திருடின்ற பேரோட அந்த மேஜை மேல படுக்க மாட்டேன். அவரு வந்து பக்கத்துல நிக்கட்டும், படுக்கறேன்.” மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். பெரியப்பா சம்மதிக்கவில்லை என்று பதில் வந்தது. அக்கா மாத்திரையை விழுங்கிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். கடைசி நாட்களில் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படியே போனார். மாமா பிணத்துக்கு மாலையோடு வந்தார்.

எங்கள் அக்காவை நேராகப் பார்த்த டாக்டருக்கும், முகம் துடைத்துவிட்ட நர்சம்மாவுக்கும், ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி கட்டிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேறு யாருக்கும் இல்லை.

சென்ற மாதம் பெரியவருக்கு மூச்சு முட்டியது. அக்காவுக்காக வராத மாமா, அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நானே அழைத்துப் போனேன். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, இதுவும் அதே தாறுமாறான துடிப்புத்தான், இவருக்கு வயதாலும் ரத்தக் கொதிப்பாலும் வந்தது என்றார்.

பெரியவரே, உங்கள் வீட்டில் யாரும் கற்பூரம் ஏற்றவில்லை. என்ன எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும். படுக்கும்போதெல்லாம் அது உங்கள் காதுக்குள் துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்.