ருக்கு வைத்த காணும் பொங்கல் குழம்பு

திண்டிவனத்தில் எங்கள் எதிர்வீட்டு ருக்கு, கையில் இருப்பதை வைத்து வீட்டையே ஏப்பம் விட வைப்பாள். சந்தையில் கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவாள். வாடின கத்தரிக்காயைத் தள்ளிவிடத் துடிக்கிற வியாபாரிக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவாள். ராத்திரிக்குக் கேப்பைக் களியும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையில் சட்னியும் என்றால், அவள் புருஷன் பார்த்திபன் ஓர் உருண்டை கூடவே கேட்பான்.

பண்டிகை வந்தால்தான் அவளுக்குப் படபடப்பு. காரணம், விழுப்புரத்து நாத்தனார் கோவிந்தம்மாள். காணும் பொங்கலன்று தம்பி வீட்டுக் கறிச்சோற்றுக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவார். போன வருடம் கை கழுவிக்கொண்டே ஒரு குத்து விட்டார்: "எங்க வூட்ல ரெண்டு கிலோ எடுப்போம். உனக்கு முடியலன்னா சொல்லிடு ருக்கு, அடுத்த வருசத்துலேந்து எல்லாரும் அங்கியே வந்துடுங்க."

ருக்குவுக்குச் சுருக்கென்றது. வருடத்தில் அவள் வீடு நிறைவது அந்த ஒரு நாள்தான். அதையும் பறித்துக்கொண்டால் எப்படி?

ஆனால் இந்த வருடம் கையைக் கடித்துவிட்டது. கறிக்கடைப் பக்கமே அவள் போகவில்லை. பொங்கலுக்கு வாங்கின சேனைக்கிழங்கு மீதி இருந்தது. அதைக் கறித்துண்டு போலக் கோணல்மாணலாக வெட்டி, எண்ணெயில் சிவக்க வறுத்துக் குழம்பில் போட்டாள். தேங்காயும் கசகசாவும் அரைத்துக் கொடுத்த பாவி நான். பட்டை, லவங்கம் தாளிக்கும்போது ஜன்னலை விரியத் திறந்து வைத்தாள்.

"தெருவே சாட்சி சொல்லட்டும்க்கா" என்றாள்.

"எலும்பு எங்கன்னு கேட்டா?"

"எலும்பில்லாத கறி, வெல ஜாஸ்தின்னு சொல்லுவேன்!"

விழுப்புரத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கோவிந்தம்மாள் சிவப்புச் சேலையில், கழுத்தில் மாலையோடு நேராகச் சமையலறைக்குள் வந்தார். "மருவத்தூருக்கு மாலை போட்டுக்கினேன் ருக்கு. போன் பண்ணணும்னு இருந்தேன், மறந்தே பூட்டேன். எனக்கு ரசம் போதும்."

ருக்கு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பந்தி நடந்தது. கோவிந்தம்மாளின் புருஷன் சக்கரபாணி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இன்னா தங்கச்சி இது, வெண்ணெ மாதிரி வெந்துகிது! கடைக்காரன் நல்ல எளங்கறியா குடுத்துருக்கான்." பார்த்திபன் மார்பை நிமிர்த்திக்கொண்டான். ஒரு மூலையில் தனி இலை போட்டு உட்கார்ந்த கோவிந்தம்மாள், ரசத்தைச் சோற்றில் பிசைந்தபடி குழம்புச் சட்டி போகிற பக்கமெல்லாம் கண்ணை அனுப்பினார். வாசனை அவரை வதைத்தது. ருக்கு உள்ளே வந்து கரண்டியோடு நின்றாள்.

"கிழங்குன்னு சொன்னா மானம் போவுது. சொல்லலன்னா அண்ணி பசியோட எழுந்துப்பாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். பசியோடு ஒருத்தர் எழுந்திருப்பதை அவளால் தாங்க முடியாது. ஒரு கிண்ணத்தில் குழம்பை மொண்டு எடுத்துப் போய், குனிந்து, நாத்தனார் காதில் ஏதோ சொல்லிவிட்டு இலையில் ஊற்றினாள்.

"ஏய்! மாலை போட்டவளுக்குக் கறியா!" என்று சக்கரபாணி அலறினார்.

கோவிந்தம்மாள் அசையவில்லை. ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"காலையிலயே போன்ல சொல்லிட்டேன். எனக்குன்னு தனியா கிழங்கு போட்டு வச்சிருக்கா. நீங்க உங்க கறிய துன்னுங்க, சொம்மா கத்தாம!"

மாலையோடு இப்படிப் புளுகலாமா என்பதை அம்மன்தான் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ருக்கு அழத் தயாரானாள்.

"கூறு கெட்டவளே, ரெண்டு எலும்பாவது வாங்கிப் போட வேணாமா? நான் அப்படித்தான் பண்றேன். எங்க வூட்டு ரெண்டு கிலோல ஒண்ணரை கிலோ கிழங்குதான்டி!"

ருக்கு வாயைப் பிளந்தாள்.

"எங்க போனாலும் கிழங்குதான். அதுக்கு எதுக்கு எல்லாரும் பஸ் ஏறிக்கினு விழுப்புரம் வரணும்? அடுத்த வருசமும் இங்கியே வச்சிக்கலாம்."

ருக்குவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் வெளியிலிருந்து சக்கரபாணி குரல் கொடுத்தார்: "தங்கச்சி, நாலு பீஸ் கறி மிச்சம் இருக்குதா?"

நாங்கள் மூன்று பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம்.