மரத்துக்கு ஓர் எழுத்தாகப் படித்து வாத்தியார் ஆனேன்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். சிரம்பான் அருகே, மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எனக்கு வயது பத்தொன்பது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஓட்டத்தில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான்.

தோட்டப் பள்ளியில் அப்போது வாத்தியார் இல்லை. சிரம்பானில் ஜப்பான்காரர்கள் நடத்திய வாத்தியார் பயிற்சிக்கு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

“ஐயா, எனக்கு எழுத்தே தகராறு. நான் போயி வாத்தியாரா?”

“அங்க பாதி நேரம் ஓட்டமும் கசரத்தும்தான்லா. ஒன் காலப் பாத்தே சேத்துக்குவான். இங்க கெடந்தா சயாம் லிஸ்டுல ஏறிடுவ, போடா!”

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. என் அண்ணன் ஏற்கெனவே போயிருந்தார். ஒரு சேதியும் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் பயிற்சியில் சேர்ந்தேன்.

தினமும் சிரம்பானுக்கு ஓடியே போவேன். எங்கள் பயிற்சி ஆசிரியர் ஜப்பானியர். எங்களோடு மலாயில் பேசுவார். வரப்போகும் விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்துக்கு என்னைத்தான் பொறுக்கி எடுத்தார். வகுப்பு முடிந்ததும் திடலைச் சுற்றவிட்டே இடுப்பை ஒடித்தார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால் கண் சொக்கிவிடும். படிக்க வேண்டிய ஜப்பான் எழுத்து நாற்பத்துச் சொச்சம். எனக்குப் பாதிகூட நிற்கவில்லை. இந்த லட்சணத்தில், இரண்டு வாரத்தில் எழுத்துப் பரீட்சை, தவறியவன் வெளியே என்று சொல்லிவிட்டார். வெளியே என்றால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும்.

பால்வெட்டு நின்று ரப்பர் மரங்கள் சும்மா நின்றிருந்த காலம். அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துப்போய், ஒரு நிரையில் மரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிவைத்தேன். விடிந்ததும் அந்த நிரையில் ஓடிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கத்திப் படிப்பேன். காலுக்கும் பயிற்சி, வாய்க்கும் பயிற்சி. இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் காலை ஓடப் போனால், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நனைந்த சாக்கோடு எதிரே ஓடி வந்தார்.

“அடப்பாவி! ஜப்பான்காரன எதுத்துக் காட்டுல ஒளிஞ்சிருக்கிறவனுக்கு நீ அடையாளம் போடுறன்னு சோல்ஜர் வந்துட்டான்டா! இந்தப் பக்கம் பாதி மரத்தத் தொடச்சிட்டேன், அதுக்குள்ள அவனுங்க அந்தப் பக்கத்தப் பாத்துட்டானுங்க!”

பின்னாலேயே வந்த இரண்டு சிப்பாய்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னத்தில் விழுந்த அறையில் காது ரொய்ங் என்றது. நான் பயிற்சி ஆசிரியரின் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தினேன். ஒருவன் என்னைக் காவல் காக்க, இன்னொருவன் சிரம்பானுக்குப் போய் அவரைக் காரில் அழைத்துவந்தான்.

அவர் மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓடச் சொல்லிக் கையைக் காட்டி, “பாச்சா!” என்றார். மலாயில் ‘படி’ என்று அர்த்தம்.

ஓடினேன். பின்னாலேயே அவரும் ஓடிவந்தார். முதல் பாதி கடகடவென்று போனது. அதற்குப் பிறகு பார்த்தால் மரங்கள் வெறுமையாக நின்றன. மண்டோர் அழகாகத் துடைத்திருந்தார். ‘தொலைந்தோம்’ என்று நினைத்தேன். ஆனால் கால் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. ஒவ்வொரு மரம் வந்ததும் அதன் எழுத்து தானாக வந்து விழுந்தது. எனக்கு அத்தனையும் தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது! நிரை முடிந்து நான் திரும்பி நின்றபோது, பத்து மரம் தள்ளி அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாங்கவில்லை.

வரும் வழியில் ஒரு மரத்தருகே அவர் நின்றார். அதில் ஓர் எழுத்தை நான் திருப்பிப் போட்டிருந்தேன். என் மடியில் இருந்த சுண்ணாம்பை வாங்கி, ஒற்றை விரலால் அதைத் திருத்தி எழுதிவிட்டுச் சிரித்தார். அதைப் பார்த்துச் சிப்பாய்களும் சிரித்தார்கள்.

மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. “நீ படிச்சு வாத்தியாராவுறதுக்குள்ள என் உசுரு போயிடும்லா!” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பரீட்சையில் தேறினேன். அடுத்து வந்த ஓட்டப் போட்டியிலும் நான்தான் முதல். தோட்டப் பள்ளிக்கே வாத்தியாராகப் போனேன். பிள்ளைகளையும் மரத்துக்கு மரம் ஓடவிட்டே எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். சண்டை முடிந்ததும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லாமல் போனது. நான் லோரி வாங்கி வேறு வழியில் முன்னேறினேன், அது தனிக்கதை.

எத்தனையோ பேரை எத்தனையோ போட்டியில் ஜெயித்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் படிப்பு ஏறாது என்று நானே என்னைப் பற்றி நினைத்திருந்ததை, அந்த வெறும் மரங்களுக்கு நடுவே ஓடி ஜெயித்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.