மழைக்கு இரண்டு மிஸ்டு கால்

மரக்காணம் உப்பளத்தில் அந்த மிஸ்டு கால் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது யார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். மூளையாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கும் என் நாத்தனாருக்கும் இருந்த சண்டைதான் அதைக் கண்டுபிடித்தது.

2005-ஆம் வருஷம். எங்கள் குடும்பத்துக் குத்தகைப் பாத்திகளை முதல்முறையாக நான் பார்த்துக்கொண்டேன். கணவருக்குப் புதுச்சேரியில் வேலை. மாமனார் அரைமனதாகத்தான் சம்மதித்தார். கோடைமழை வந்து உப்பைக் கரைத்துவிட்டால் அடுத்த வருஷம் பாத்தி கொழுந்தனுக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கொழுந்தனுக்கு உப்புக்கும் சர்க்கரைக்குமே வித்தியாசம் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கம் கோடைமழை மேற்கிலிருந்து வரும். திண்டிவனத்தில் கொட்டிவிட்டு, சாவகாசமாக எங்கள் தலையில் வந்து கொட்டும். அங்கே தூறல் விழுந்த உடனே தெரிந்தால், உப்பை வாரி அம்பாரமாகக் குவித்து, கீற்று போட்டு மூடிவிடலாம். திண்டிவனத்தில்தான் என் நாத்தனார் இருந்தாள். அவள் வீட்டில் செல்போனும் இருந்தது. பேச்சுவார்த்தைதான் இல்லை. என் மகன் காதுகுத்தில், உப்பளம் வைத்திருக்கிறவர்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? இந்த ஜென்மத்தில் பேசுவதில்லை என்று இருவருமே சபதம் போட்டோம். உப்பு சரியாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

வழி சொன்னது அனுமந்தைக் குப்பத்து மீன்கார அக்கா. மேகத்தைப் பார்த்தாலே அவளுக்கும் ஆகாது, மணலில் காயும் கருவாடு ஒரு மழையில் நாறிப்போகும். கருவாட்டுக்கு எங்களிடம்தான் உப்பு வாங்குவாள். கூடையோடு பஸ் ஏறி நாத்தனார் தெருவில்தான் மீன் விற்பாள். இரண்டு வீட்டு அடுப்படிக்கும் போய்வருகிறவள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசவே வேணாம். மிஸ்டு கால் குடுத்தா பேசினதா ஆவுமா?" என்றாள்.

ஆகாதுதான். இதையே நாத்தனாரிடமும் கேட்டாளாம். அவளும் ரொம்ப யோசித்து, ஆகாது என்றாளாம். அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால் என்றால் மேகம். இரண்டு என்றால் அங்கே மழை பிடித்துவிட்டது, ஓடு. உடனே நான் அக்கா வீட்டுப் போனுக்கு அதேபோல அடிக்க வேண்டும். பக்கத்துப் பாத்திக்காரர்கள் பார்ப்பதற்காக அம்பாரத்து உச்சியில் மூங்கில் நட்டு என் சிவப்புச் சேலையை ஏற்றுவேன். என் செல்போனுக்குச் சிக்னலும் அந்த உச்சியில்தான் கிடைத்தது.

முதல்முறை இரண்டு மிஸ்டு கால் வந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. சேலையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் என் ஆட்களும் மட்டும் வாரினோம். கடைசிக் கீற்றைப் போடும்போது என் மூக்கில் முதல் துளி விழுந்தது. நனைந்துகொண்டே அம்பாரத்தைச் சுற்றி நான் போட்ட ஆட்டத்தை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கப்புறம் உப்பளமே என் சேலையைப் பார்த்துத்தான் உப்பு வாரும் பலகையைத் தூக்கியது. மாமனார் மட்டும் சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்றார்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒரு பட்டப்பகலில் போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. எடுத்தால் சபதம் போச்சு, நாத்தனார் காசும் போச்சு. விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது, மறுபடியும் நிற்கவில்லை.

"கட் பண்ணவே மாட்றாங்களே, புயலா இருக்குமோ?" என்றார் பக்கத்துப் பாத்திக்காரர்.

அவ்வளவுதான். சேலை ஏறியது. உப்பளம் முழுக்க அரைகுறையாக விளைந்த உப்பை அள்ளினார்கள். அனுமந்தையில் பாதி காய்ந்த கருவாட்டை வாரிக்கொண்டு ஓடினார்களாம். வானத்திலோ மருந்துக்குக்கூட மேகம் இல்லை. மழை வராவிட்டால் இனி ஒருத்தரும் என் சேலையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பாத்தியும் கொழுந்தனுக்குப் போய்விடும். போன் இன்னமும் அடித்துக்கொண்டிருந்தது.

எடுத்துப் பேசு என்று அம்பாரத்தின் கீழேயிருந்து கத்தினார், சத்தம் கேட்டு வந்த மாமனார். சபதம் இருக்கிறதே என்று நானும் கத்தினேன். அவர் உப்பில் வழுக்கி வழுக்கி மேலே ஏறி வந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். கேட்டார். அப்படியே உப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மழையெல்லாம் இல்லம்மா. அவ முழுவாம இருக்குறாளாம்."

கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகப் பிள்ளை வரம் கேட்டு நாத்தனார் ஏறாத கோயில் இல்லை. கீழே பலகையோடு நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்கு எத்தனை மிஸ்டு கால் என்று முதலிலேயே பேசி வைத்திருக்கக் கூடாதா என்றார் பக்கத்துப் பாத்திக்காரர்.

மாமனார் போனை என்னிடம் நீட்டினார். "உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு அடிச்சிருக்குறா. பேசு. அடுத்த வருஷமும் பாத்திய நீயே பாத்துக்கோ."

வாங்கினேன். காதில் வைத்தேன்.

"அண்ணி, வாயில ஒண்ணும் வெக்க முடியல. உங்க சாம்பார் சாப்புடணும் போல இருக்குது."

"உப்பு?" என்றேன்.

"அன்னிக்குப் போட்ட மாதிரியே போடுங்க."